'தனியே வாழ்பவர்' என்றொரு பெட்டி

பலேர்மோத் துறைமுகத்திலிருந்து நாப்போலிக் கப்பல் புறப்படும் இரவுவேளையில், அருகிலுள்ள மாடிவீடுகளில் எங்கள் பெண்கள் இத்தாலியக் கிழவிகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பதிவேட்டில் அக்கிழவி பெரும்பாலும் 'தனியே வாழ்பவர்'. 1989ஆம் ஆண்டின் 223ஆம் இலக்க ஆணை குடும்பத்தைத் திருமணம், உறவு, தத்து, பாதுகாவல், அன்புப் பிணைப்பு என்பவற்றால் வரையறுக்கிறது. சம்பளம் அதில் இல்லை. பக்கத்து அறையில் உறங்கும் தமிழ்ப் பெண் அதே முகவரியில் இன்னொரு குடும்பம்! இத்தனைக்கும், பீற்றர் லாஸ்லெட் பழைய இங்கிலாந்தின் வீட்டார் பட்டியல்களை ஆராய்ந்தபோது வேலையாளையும் வீட்டாருக்குள்ளேயே எண்ணினார்.

முதியோர் யாருடன் வாழ்கிறார்கள் என்பதைக் காலப்போக்கில் ஆராயும் நிலைமாற்ற மாதிரிகள் இத்தகைய பெட்டிகளின் மேலேயே எழுகின்றன: தனியே, துணையுடன், பிள்ளைகளுடன், இல்லத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் நிகழ்தகவே கணக்கு. இதை நான் இகழவில்லை. தனித்து வாழ்வோர் பெருகுவது புதிதாகப் பலர் தனிப்பதாலா, தனித்தவர்கள் நெடுங்காலம் வாழ்வதாலா என்பதை ஒற்றைக் குடிசன மதிப்பீடு சொல்லாது, இம்முறை சொல்லும்.

ஆனால் எங்கள் நிலையென்ன? யாழ்ப்பாணத்தில் 1981இற்குப் பின் முழுமையான மதிப்பீடு 2012இல்தான். 1991இல் நாட்டில் எங்குமே நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இலேயே நிறைவுற்றது. அவதானிப்பிலிருந்து நழுவியவரின் விலகலுக்கும் அவரது நிலைக்கும் தொடர்பில்லை என்று மாதிரி வழக்கமாகக் கொள்ளும். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது நடக்க முடியாத முதியோர் சிலர் பின்தங்கினர். அங்கே விலகலும் நிலையும் வேறல்ல.

எளிய மார்க்கோவ் மாதிரிக்கு ஞாபகமும் கிடையாது. இன்றைய பெட்டி தெரிந்தால் நாளையதைக் கணிக்கலாமாம். கணவனை இழந்து தனித்தவளும், ஐந்து பிள்ளைகளை ஐந்து நாடுகளுக்கு அனுப்பித் தனித்தவளும் அதற்கு ஒன்றே. பின்னேற்பட்ட மாதிரிகள் எத்தனை காலம் அந்நிலையில் இருந்தார் என்பதையும் சேர்க்கின்றன. அங்கு வந்த வழியை அது சொல்லாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. மாதிரியில் ஒவ்வொரு முதியவரும் ஒவ்வொரு தனி வரி. ஒரு மகள் பலேர்மோவுக்கு வந்ததும் கைதடியில் தாயின் வரி 'பிள்ளைகளுடன்' என்பதிலிருந்து 'தனியே'க்கு மாறுகிறது. இங்கே அவள் பராமரிக்கும் கிழவியின் வரியோ 'தனியே' என்றே நிற்கிறது. இரு வரிகளையும் இணைப்பவள் இரண்டிலும் இல்லை. பெற்றோரை நாம் கைவிடுவதில்லை என்று மேடைகளில் பேசும் எம்மவரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தாலே போதும்: இரவில் இந்த வீட்டில் யார் உறங்குகிறார்? எண்பதுகளில் இங்கு வந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். சிலரின் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்.