கவிழ்த்துப் பார்க்கும் கலை

பழைய கறுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்று ஏலத்துக்கு வந்தால் எல்லாக் கண்களும் முதலில் தேடுவது அதன் தோளில் ஒட்டியிருக்கும் முத்திரையைத்தான். நாணய அளவுள்ள அந்தக் கண்ணாடிப் பொட்டில் ஒரு பெயரோ குலச்சின்னமோ ஆண்டோ பதிந்திருந்தால், அதே வடிவமுள்ள வெறுங்குப்பியைவிடப் பல மடங்கு விலை ஏறிவிடும். அதற்காகச் சந்தையைக் குறை சொல்ல முடியாது. பெயர் தெரிந்த பொருளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது மனித இயல்பு. ஆனால் ரசனை என்று வரும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலக் குப்பி கைக்கு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கழுத்து, பிறகு தோள். முத்திரை கடைசியில்தான். குப்பிக்குச் சொந்தக்காரர் எதைச் சொல்ல விரும்பினாரோ அதைத்தான் முத்திரை சொல்கிறது. யாரும் சொல்லச் சொல்லாததை அடிப்பாகம் சொல்கிறது.

கறுப்பு என்பது பேருக்குத்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடர்ந்த ஆலிவ் பச்சையோ, கருந்தேன் நிறமோ கசியும். அந்த நிறத்தை யாரும் விரும்பிச் சேர்க்கவில்லை. மணலில் கலந்திருந்த இரும்பும் நிலக்கரி உலையின் புகையும் சேர்ந்து கொடுத்த நிறம் அது. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதால், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று 1615இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் தடை விதித்தார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள்; அதன் கடும் வெப்பத்தில் கனத்த, உறுதியான, இருண்ட கண்ணாடி பிறந்தது. இப்படிப்பட்ட குப்பியைக் கண்டுபிடித்தவர் என்று சர் கெனெல்ம் டிக்பியைச் சொல்வது வழக்கம். 1660களின் தொடக்கத்தில் ஜான் கோல்நெட் என்பவர் குப்பி செய்யும் உரிமைக்கு முயன்றபோது, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே டிக்பி இதைச் செய்துவிட்டார் என்று கண்ணாடித் தொழிலாளர்களே சாட்சி சொன்னார்கள். அதற்கு முன்பிருந்த மெல்லிய குப்பிகளுக்குப் பிரம்புக் கூடை கட்டிக் காவல் வைக்க வேண்டியிருந்தது. இந்தக் கனத்த குப்பியிலோ தக்கையை இறுக்கி அடிக்கலாம், கப்பலில் ஏற்றலாம்.

தக்கையை இறுக்கி அடிக்க முடிந்ததுதான் அடுத்த நூறு ஆண்டுகளின் வடிவ மாற்றத்துக்கு விதை. 1650ஐ ஒட்டிய குப்பிக்கு உருண்டை வயிறும் நெடிய கழுத்தும் உண்டு. 1680களுக்குள் கழுத்து குறுகி, வயிறு அகன்று தாழ்ந்து, வெங்காய வடிவம் வந்துவிட்டது. 1720களில் பக்கங்கள் நிமிர்ந்து கொட்டாப்புளித் தலைபோல ஆயின. நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடல் ஒடுங்கி உயர்ந்து உருளையானது. மேசைமேல் நிற்கும்போது வெங்காயக் குப்பியின் அழகுக்கு ஈடில்லை என்பேன். ஆனால் அதைப் படுக்க வைத்தால் உருளும், அடுக்க முடியாது. ஒயினைப் படுக்கையில் வைத்தால்தான் தக்கை ஈரம் காயாமல் காற்றை மறிக்கும். அப்போதுதான் ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கலாம். 1703இல் கையெழுத்தான மெத்தூவன் உடன்படிக்கை போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த வரியைத் தந்தது. குப்பிக்குள் முதிர முதிரச் சுவை கூடும் போர்ட் ஒயின் ஆங்கிலேயர் நிலவறைகளை நிறைத்தது. நிலவறையில் அடுக்க உருளைதான் ஏற்றது. ஒரு குப்பியின் இடுப்பு வளைவில் வாணிகக் கொள்கையும் குடிப்பழக்கமும் சேர்ந்து படிந்திருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து தேவையில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வடிவங்கள் இப்படி வரிசையாக ஒன்றன்பின் ஒன்று வந்ததில்லை; ஒன்றோடொன்று பல ஆண்டுகள் கலந்து புழங்கின. வெளியூர்ப் பட்டறைகள் பழைய வடிவத்தை விடாமல் பிடித்திருந்தன. ஒரே குப்பி பத்திருபது ஆண்டுகள் திரும்பத் திரும்ப நிரப்பப்பட்டது. எல்லாம் உண்மை. ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரின் பெரும்பகுதி 1692 ஜூன் 7ஆம் தேதி நிலநடுக்கத்தில் கடலுக்குள் போனது. மூழ்கிய தெருக்களில் கிடைத்த வெங்காயக் குப்பிகள், அந்த நாளில் எந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு அரிய சாட்சி. ஆனால் அந்த இடம் பிறகும் துறைமுகமாகவே இருந்ததால் பிற்காலக் குப்பிகளும் அங்கேயே விழுந்தன. மண்ணடுக்கைப் பிரித்துப் பார்க்காமல் அங்கேகூட எதையும் உறுதி சொல்ல முடியாது. வடிவம் காலத்தின் எல்லையைத்தான் காட்டும், ஆண்டைக் காட்டாது. அதனால்தான் அடிப்பாகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஊதுகுழலின் நுனியில் உடல் உருவானதும், வாயைச் செய்து முடிக்க மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். அதற்காக அடியில் ஒரு கம்பியை ஒட்டி, வேலை முடிந்ததும் தட்டி உடைப்பார்கள். அந்தத் தழும்பு தரையில் படாமலிருக்க அடிப்பாகத்தை உள்ளே குத்தித் தள்ளினார்கள். அளவில் ஏமாற்றத்தான் இந்தக் குழிவு என்று சொல்வதுண்டு. குப்பி ஆடாமல் நிற்க வேண்டும் என்ற எளிய தேவையே அதை விளக்கப் போதும். கம்பி நுனிக் கண்ணாடியை மணலில் தோய்த்து ஒட்டுவது ஆங்கிலப் பட்டறைகளின் பெருவழக்கு. குழிவில் இன்றும் மணல்துகள் ஒட்டியிருக்கும். ஊதுகுழலையே பிடிகம்பியாக வைத்தால் வட்ட வளையமாகத் தழும்பு விழும். கழுத்தில், தக்கையைக் கட்டும் கயிறு வழுக்காமலிருக்கச் சுற்றிய கண்ணாடி இழையைப் பாருங்கள். முதல் காலத்தில் அது வாய்க்குக் கொஞ்சம் கீழே, மெல்லிய கூர்விளிம்பு வளையமாக இருக்கும். பிறகு மேலேறி, தடித்து, வாயோடு சேர்ந்துகொள்ளும். டச்சு வெங்காயக் குப்பி கழுத்து நீண்டு, கண்ணாடி மெலிந்து, பச்சை தெளிந்து இருக்கும். ஆங்கிலக் குப்பியோடு பக்கத்தில் வைத்தால் கை எடையிலேயே தெரிந்துவிடும். தோளுக்குக் கீழ் உடல் அடியை நோக்கிச் சற்றே ஒடுங்கினால் அச்சுக்குள் இறக்கி ஊதியது. தோளைச் சுற்றி ஒரு கோடும், அதிலிருந்து மேலேறும் இரு கோடுகளும் தெரிந்தால் மூன்று பாக அச்சு. பிரிஸ்டலின் ஹென்றி ரிக்கெட்ஸ் 1821இல் காப்புரிமை பெற்றது அப்படிப்பட்ட அச்சுக்குத்தான்.

முத்திரை இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். முத்திரையின் சுவையை நான் மறுக்கவில்லை. 1636 முதல் இங்கிலாந்தில் ஒயினைக் குப்பியாக விற்கத் தடை இருந்தது. அளந்துதான் ஊற்ற வேண்டும். வசதியுள்ளவர் தன் பெயர் பதித்த சொந்தக் குப்பிகளை மதுக்கடைக்கு அனுப்பினார். சாமுவேல் பெப்பிஸ் 1663 அக்டோபரில் தன் சின்னம் பதித்த புதுக் குப்பிகள் நிரப்பப்படுவதைப் போய்ப் பார்த்து, நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆனால் முத்திரை அடித்த அச்சு பித்தளைத் துண்டு; ஆண்டு பொறித்த அச்சைப் பின்னாளிலும் பயன்படுத்த முடியும். அதைவிடப் பெரிய ஆபத்து, வெறும் பழைய குப்பியில் புது முத்திரையை ஒட்டி விற்கும் மோசடி. உண்மையான முத்திரை, சூடான கண்ணாடி சூடான கண்ணாடியோடு உருகிக் கலந்தது. அதன் தேய்மானமும் உடலின் தேய்மானமும் ஒரே வயதைக் காட்ட வேண்டும். அடிவிளிம்பின் கீறல்கள் பல திசைகளில், பல ஆழங்களில் இருக்க வேண்டும். ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாளின் வேலை. முத்திரையை நம்பலாமா என்பதற்குத் தீர்ப்பு சொல்வதும் அடிப்பாகம்தான்.

இது ஆராய்ச்சி, ரசனை எங்கே என்பார் சிலர். சாராயக் கடைச் சாமானில் கலை தேடுவது நம் கற்பனையைப் பொருள்மேல் ஏற்றுவது என்பார் இன்னும் சிலர். செய்தவர் கலை செய்ய நினைக்கவில்லை என்பது சரிதான். ஆனால் ஒரே நாளில் ஒரே மாதிரிப் பல குப்பிகளைச் செய்ய முயன்ற கையில், ஒவ்வொன்றிலும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்ததும், வளையம் சுற்றி முடிந்த இடத்தில் வால் நீண்டதும், தோளில் சுழல் படிந்ததும் வேகத்தின் தடங்கள். கண்ணாடி இறுகுமுன் சில நொடிகளில் எடுத்த முடிவுகள் அங்கே உறைந்திருக்கின்றன. தழும்பு எப்படி வந்தது என்று தெரியாதவருக்கு அது குறை; தெரிந்தவருக்கு அதுவே கையொப்பம். அறிவு கூடும்போது அழகு குறைவதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்பது கூடுகிறது.

எனக்குக் கவலை தருவது வேறு. சூரினாம், கயானா ஆறுகளின் சேற்றிலிருந்து டச்சுக் குப்பிகள் ஏராளமாக எடுக்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு பெரும்பாலானவற்றுக்கு இல்லை. சேகரிப்பாளர் நம்பும் காலவரிசையே போர்ட் ராயல் போன்ற தேதி தெரிந்த இடங்களிலிருந்து வந்தது; குறிப்பில்லாமல் எடுக்கும் ஒவ்வொரு குப்பியும் அந்த வேரையே அரிக்கிறது. வாங்குபவர் இடக் குறிப்பைக் கேட்டு, அதற்கு விலை கூட்டிக் கொடுத்தால் எடுப்பவர் எழுதி வைப்பார். இன்னொன்று, மண்ணில் நெடுங்காலம் கிடந்து காரம் கரைந்ததால் மேலே படியும் வானவில் ஏட்டை அழுக்கென்று எண்ணி, உருளைக்குள் போட்டுத் தேய்த்து மெருகேற்றுவது. மெருகு வரும்; ஆனால் அடிவிளிம்பின் கீறல்களும் கழுத்தில் கருவி விட்ட மெல்லிய கோடுகளும் அந்தத் தேய்ப்பில் போய்விடும். அவற்றை இழந்த குப்பியின் காலத்துக்கு வடிவத்தின் பெரும்போக்கான சாட்சியே மிஞ்சும். அந்தச் சாட்சி இருபது, முப்பது ஆண்டுகள் முன்னும் பின்னும் தள்ளாடும்.