பிபிசி ஃபோர்: மறுஒளிபரப்பும் அயல்மொழித் தொடர்களும்

பிபிசி ஃபோர் (தொடக்கம்: மார்ச் 2, 2002) பிரிட்டனின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசியின் தொலைக்காட்சி அலைவரிசைகளுள் ஒன்று. கலை, இசை, வரலாறு, அறிவியல், அயல்மொழித் தொடர்கள் ஆகியவற்றுக்காகத் தொடங்கப்பட்டது. 2021-க்குப் பின் பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளை மீண்டும் ஒளிபரப்பும் காப்பக அலைவரிசையாக மாறியது. மறுஒளிபரப்பு என்பது வெற்று நேரத்தை நிரப்பும் வேலை என்ற பொதுக்கருத்தை மாற்றி, அதை ஒரு ரசனைப் பழக்கமாக வளர்த்தெடுத்தது இந்த அலைவரிசையின் முதன்மையான பங்களிப்பு. புதியனவற்றை உருவாக்கும் வாய்ப்பை இழந்தது அதன் முதன்மையான போதாமை.

பின்னணி

பிபிசி நாலெட்ஜ் என்னும் கல்வி அலைவரிசைக்கு மாற்றாக பிபிசி ஃபோர் வந்தது. மாலை 7 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிவது அதன் வழக்கம். பகலில் அதே அலைவெளியில் சிறுவர்களுக்கான சிபீபீஸ் ஒளிபரப்பாகும். சிந்திப்பதற்கு ஓர் இடம் அனைவருக்கும் தேவை என்பது இதன் தொடக்கக்கால முழக்கம்.

முதல் பதினைந்து ஆண்டுகளில் இது சிறிய செலவில் புதிய ஆக்கங்களையும் உருவாக்கியது. அரசியல் அங்கதத் தொடரான ‘தி திக் ஆஃப் இட்’ 2005-ல் இங்குதான் தொடங்கியது. மெட்டல் டிடெக்டருடன் வயல்வெளிகளில் பழங்காசு தேடும் இரு நண்பர்களைப் பற்றிய ‘டிடெக்டரிஸ்ட்ஸ்’ 2014-ல் வெளிவந்தது. பெரிய அலைவரிசைகள் தயங்கக்கூடிய முயற்சிகளுக்கு இங்கே இடம் இருந்தது. 2015-ல் கென்னட்–ஏவன் கால்வாயில் ஒரு படகு மெல்லச் செல்வதை இரண்டு மணிநேரம் அப்படியே காட்டியது அதற்கு ஓர் உதாரணம்.

2021 மார்ச்சில் வெளியான பிபிசியின் ஆண்டுத் திட்டம், இனி பிபிசி ஃபோர் காப்பக நிகழ்ச்சிகளின் இல்லமாக இருக்கும் என்று அறிவித்தது. 2022 மே மாதம், வரும் ஆண்டுகளில் இதன் வழக்கமான ஒளிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மாற்றும் எண்ணம் வெளியிடப்பட்டது. செலவுக் குறைப்பே இவ்விரு முடிவுகளுக்கும் பின்னணி.

அழிந்ததும் எஞ்சியதும்

காப்பகம் என்ற சொல் எல்லாம் பத்திரமாக இருப்பதான எண்ணத்தைத் தருகிறது. பிபிசியின் வரலாறு அப்படிப்பட்டதல்ல. 1970-களின் பிற்பகுதி வரை வீடியோ நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவது அங்கே நடைமுறையாக இருந்தது. நாடாவின் விலை அதிகம். நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தன. வீட்டிலேயே நாடா போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. ஒருமுறை காட்டியபின் நிகழ்ச்சிக்கு மதிப்பில்லை என்பதே நிர்வாகக் கணக்கு.

விளைவு பெரிய இழப்பு. 1953-ல் நேரலையாக ஒளிபரப்பான ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ தொடரின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டு மட்டுமே இன்று உள்ளன. ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960-களின் பகுதிகள் பல காணாமல் போயின. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக எடுக்கப்பட்ட ஃபிலிம் பிரதிகளே அவற்றுள் சிலவற்றைக் காப்பாற்றின. 2013-ல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்த செய்தி வெளியானது. உருவாக்கிய நாடு தொலைத்ததை வாங்கிய நாடு வைத்திருந்தது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது மறுஒளிபரப்பு ஒரு பாதுகாப்புச் செயலும்கூட. பார்க்கப்படும் நிகழ்ச்சிக்கே தூசி தட்டவும், உரிமம் புதுப்பிக்கவும், டிஜிட்டலுக்கு மாற்றவும் பணம் ஒதுக்கப்படும். 2005-ல் பிபிசி ஃபோர் குவாட்டர்மாஸ் கதையை மீண்டும் நேரலை நாடகமாகவே நடத்திக் காட்டியது. இழந்ததன் நினைவுக்குச் செய்த மரியாதையாகவே அதைக் கொள்ளலாம்.

பழைய தொடர்கள்

இந்த அலைவரிசையில் பழைய தொடர்களைப் பார்ப்பவர் முதலில் உணர்வது வேகக்குறைவு. 1976-ல் வந்த ‘ஐ, கிளாடியஸ்’ ரோமப் பேரரசின் கதை. ஆனால் அதில் போர்க்களம் இல்லை, படைகள் இல்லை. எல்லாம் ஸ்டுடியோவுக்குள் போடப்பட்ட சில அரங்குகளில் நடக்கின்றன. கூட்டத்தின் ஆரவாரம் வெளியிலிருந்து ஒலியாக மட்டும் வருகிறது. அரங்கம் அட்டையால் ஆனது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முதல் இருபது நிமிடங்களுக்கு இன்றைய பார்வையாளர் பொறுமையிழக்கக்கூடும். அதன்பின் சியான் ஃபிலிப்ஸ் நடித்த லிவியாவின் கண்ணசைவும் குரலும் பிடித்துக்கொள்கின்றன. பணத்தால் காட்ட முடியாததை வசனமும் நடிப்பும் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயமே அத்தொடரின் வலிமை.

1979-ல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ இன்னொரு உதாரணம். ஏழு பகுதிகள் கொண்ட இந்த உளவுத் தொடர், நான்கு பேர் ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் வந்து அமரும் பேச்சற்ற காட்சியுடன் தொடங்குகிறது. எவர் எப்படி நுழைகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், கதவை என்ன செய்கிறார் என்பதில் கதையின் முடிச்சு இருக்கிறது. முதன்முறை பார்ப்பவருக்கு அது ஒரு சாதாரண அலுவலகக் காட்சி. துரோகி யார் என்று தெரிந்தபின் பார்ப்பவருக்கு அது வேறொன்று. மறுமுறை பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது போன்ற ஆக்கம் இது. மர்மம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற நம்பிக்கையை அது பொய்யாக்குகிறது.

ஆவணத் தொடர்களில் ஜேக்கப் ப்ரோனோவ்ஸ்கியின் ‘தி அசென்ட் ஆஃப் மேன்’ (1973) குறிப்பிடத்தக்கது. ஆஷ்விட்ஸ் முகாமில் கோட்டும் காலணியும் அணிந்தபடியே ப்ரோனோவ்ஸ்கி ஒரு குட்டைக்குள் இறங்கி, கொல்லப்பட்டவர்களின் சாம்பல் கரைந்த சேற்றைக் கையில் அள்ளும் காட்சி அதில் உள்ளது. அவருடைய உறவினர் பலர் அங்கே இறந்தவர்கள். பின்னணி இசை இல்லை, அவசர வெட்டுகள் இல்லை. ஒரு மனிதர் நேரடியாகப் பார்வையாளரிடம் பேசி முடிக்கும்வரை கேமரா காத்திருக்கிறது. இன்றைய ஆவணப்படங்கள் பலவற்றில் இந்தக் காத்திருப்பு இல்லை.

மறுஒளிபரப்பு என்பது இரண்டாந்தரமானது என்ற எண்ணத்துக்கு வரலாற்றிலேயே மறுப்பு உண்டு. லிவர்பூலின் வேலையற்ற தொழிலாளர்களைப் பற்றி ஆலன் ப்ளீஸ்டேல் எழுதிய ‘பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்’ 1982 இறுதியில் பிபிசி 2-ல் வந்தது. பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்த ஆண்டு அது. சில வாரங்களிலேயே, 1983 ஜனவரியில், அது பிபிசி 1-ல் மீண்டும் காட்டப்பட்டது. அந்த இரண்டாம் சுற்றில்தான் அது பெருந்திரளான மக்களிடம் சென்றது. கண்ணில் படுபவரிடமெல்லாம் வேலை கேட்டு அலையும் யோசர் ஹியூஸ் (நடிகர்: பெர்னார்ட் ஹில்) நாடறிந்த பெயரானார்.

அயல்மொழித் தொடர்கள்

சனிக்கிழமை இரவு 9 மணிக்கு இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஒளிபரப்பும் அயல்மொழித் தொடர் வரிசை பிபிசி ஃபோரின் தனி அடையாளம். 2006-ல் தொடங்கிய ‘ஸ்பைரல்’ என்ற பிரெஞ்சுத் தொடர் அதற்கு அடித்தளம் இட்டது. பாரிஸ் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் பற்றிய அத்தொடரின் எட்டாவது, இறுதிப் பருவம் 2021 வரை இங்கேயே காட்டப்பட்டது.

பெரிய திருப்பம் 2011 ஜனவரியில் வந்த டேனிஷ் தொடர் ‘தி கில்லிங்’. ஒரு கொலை, இருபது பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் ஒரு நாள். காவல்துறை விசாரணை, இறந்த பெண்ணின் குடும்பம், நகரத் தேர்தல் என மூன்று இழைகள். குற்றக்கதைகளில் பிணம் வழக்கமாக ஒரு புதிருக்கான தொடக்கம் மட்டுமே. இங்கே பெற்றோரின் துக்கம் இருபது பகுதிகளிலும் கூடவே வருகிறது. டென்மார்க்கில் இத்தொடர் 2007-ல் ஞாயிறுதோறும் ஒரு பகுதியாக, நடுவே பல மாத இடைவெளியுடன் காட்டப்பட்டது. பிரிட்டன் அதைப் பத்து வாரங்களில் பார்த்தது. அந்த ஆண்டின் பாஃப்டா சர்வதேசத் தொடர் விருது அதற்குக் கிடைத்தது. விசாரணை அதிகாரி சாரா லுண்ட் அணிந்த ஃபாரோ தீவுக் கம்பளிச் சட்டையும் புகழ்பெற்றது.

அடுத்து 2012 ஜனவரியில் ‘போர்கன்’ வந்தது. டென்மார்க்கில் ஒரு பெண் பிரதமராகி, கூட்டணிக் கட்சிகளைச் சமாளிக்கும் கதை. அத்தொடர் டென்மார்க்கில் தொடங்கியது 2010-ல். அந்நாட்டின் முதல் பெண் பிரதமர் பதவியேற்றது 2011-ல். பிரிட்டனில் அப்போது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய முதல் கூட்டணி அரசு நடந்துகொண்டிருந்தது. ஓர் அமைச்சர் பதவிக்காக எந்தக் கொள்கையை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி பிரிட்டிஷ் பார்வையாளருக்கு அயல்நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. உள்ளூர் அரசியலைப் பற்றிய உள்ளூர் தொடரில் எந்தக் கட்சி சார்பு என்ற சந்தேகம் முதலில் எழும். அயல்நாட்டுக் கதையில் அந்தச் சந்தேகம் இல்லை. அதனால் பிரச்சினை தெளிவாகத் தெரிந்தது.

அதே ஆண்டு வந்த ‘தி பிரிட்ஜ்’, டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தின் நடுக்கோட்டில் கிடக்கும் ஓர் உடலுடன் தொடங்குகிறது. இரு நாட்டுக் காவலர்களும் தத்தம் மொழியில் பேசி ஒருவரையொருவர் ஒருவாறு புரிந்துகொள்கிறார்கள். ஆங்கில சப்டைட்டிலில் அந்த மொழி வேறுபாடு மறைந்துவிடுகிறது. சப்டைட்டிலின் எல்லையை இத்தொடர் காட்டியது.

சப்டைட்டில் பார்வையாளரிடம் ஒரு ஒழுக்கத்தையும் கோருகிறது. சமையலறையிலிருந்து காதால் மட்டும் கேட்டுத் தொடர முடியாது. கைபேசியைப் பார்த்தால் வரி போய்விடும். வசனத்தின் பொருளைக் கண் வாசிக்க, குரலின் தொனியைக் காது தனியாகக் கேட்கிறது. ஆகவே நடிப்பு கூடுதலாகக் கவனிக்கப்படுகிறது.

இரண்டுக்கும் பொதுவானது

பழைய தொடரும் அயல்மொழித் தொடரும் ஒரே அலைவரிசையில் அமைந்தது நிர்வாக வசதியால் இருக்கலாம். ரசனை அளவில் அவற்றுக்குள் உறவு உண்டு. இரண்டுமே இப்போது பார்ப்பவரை மனத்தில் கொண்டு எடுக்கப்பட்டவை அல்ல. 1982-ன் லிவர்பூல் தொழிலாளிக்கும் ஞாயிறு இரவு கோபன்ஹேகனில் அமர்ந்திருந்த குடும்பத்துக்கும் எடுக்கப்பட்டவை அவை. எந்த நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும், எந்தப் பெயர் எவரைக் குறிக்கிறது என்று எவரும் விளக்குவதில்லை. பார்வையாளரே ஓர் அடி முன்னால் போய்ப் புரிந்துகொள்ள வேண்டும். பார்வையாளரின் முந்தைய தேர்வுகளைக் கணக்கிட்டு அதையொத்ததையே பரிந்துரைக்கும் ஓடிடி தளங்கள் அளிக்காத அனுபவம் இது. ஓடிடியில் எண்ணிக்கை அதிகம். இங்கே ஒருவர் தேர்ந்து, நாள் குறித்து, வரிசைப்படுத்தித் தருகிறார். பழைய நாடகத்துக்கு முன் அதில் பங்காற்றிய நடிகரோ எழுத்தாளரோ சில நிமிடங்கள் நினைவுகூரும் குறும்நிகழ்ச்சிகள் அந்தத் தேர்வுக்குத் துணைசெய்கின்றன.

குறைகள்

பிபிசி ஃபோரின் அயல்மொழி வரிசை நீண்ட காலம் ஐரோப்பாவுக்குள், அதிலும் குற்றக்கதைக்குள் சுருங்கியிருந்தது. சிசிலியின் வெயிலில் நடக்கும் ‘இன்ஸ்பெக்டர் மான்டல்பானோ’ முதல் ஸ்காண்டிநேவியக் குளிர் வரை நிலம் மாறியது, பிணம் மாறவில்லை. ‘போர்கன்’ பெற்ற வரவேற்பு, கொலை இல்லாமலும் அயல்மொழித் தொடரைப் பார்க்க ஆள் உண்டு என்பதைக் காட்டியது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் லத்தீன் அமெரிக்காவும் அந்த வரிசையில் அதற்குரிய இடத்தைப் பெறவில்லை.

காப்பகத் தேர்விலும் சிக்கல் உண்டு. ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ இசை நிகழ்ச்சியை 1976-லிருந்து வரிசையாக மறுஒளிபரப்பும் பணி 2011-ல் தொடங்கியது. தொகுப்பாளர் ஜிம்மி சாவிலின் பாலியல் குற்றங்கள் 2012-ல் வெளிவந்தபின் அவர் தோன்றும் பகுதிகள் தவிர்க்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களை எண்ணினால் அது நியாயமான முடிவு. ஆனால் அறிவிப்பின்றித் தாவிச் செல்லும் வரிசை, பொது நிறுவனம் ஒன்று அந்த மனிதரை அத்தனை ஆண்டுகள் மேடையேற்றியது என்ற உண்மையையும் சேர்த்துத் தாண்டிச் செல்கிறது. காப்பகத்திலிருந்து எதைக் காட்டவில்லை என்பதையும் சொல்வது காப்பக அலைவரிசையின் கடமை.

மதிப்பீடு

‘டிடெக்டரிஸ்ட்ஸ்’ இன்று மறுஒளிபரப்பில் விரும்பிப் பார்க்கப்படும் தொடர்களில் ஒன்று. 2014-ல் அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்காவிட்டால் இன்று மறுஒளிபரப்ப அது இருந்திருக்காது. காப்பகம் என்பது முன்பு எவரோ துணிந்து எடுத்தவற்றின் சேமிப்பு. ‘ஐ, கிளாடியஸ்’ம் ‘தி அசென்ட் ஆஃப் மேன்’உம் அவற்றின் காலத்தில் புதிய, செலவு மிகுந்த, உறுதியற்ற முயற்சிகள். அவற்றை மீண்டும் காட்டுவது பிபிசி ஃபோரின் சாதனை. அவற்றைப் போன்றவற்றை உருவாக்கும் வேலையை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது அதன் நிறுவனத்தின் பிழை. விதைநெல்லை உண்ணும் வீட்டில் அந்த ஆண்டு பசி தெரிவதில்லை.

நாடாக்களை அழித்த தலைமுறை, பழையதற்கு மதிப்பில்லை என்று எண்ணியது. பழையது மட்டும் போதும் என்று எண்ணுவது அதே பிழையின் மறுபக்கம். இவ்விரண்டுக்கும் நடுவில், சுமார் இருபது ஆண்டுகள், பழையதையும் புதியதையும் அயலாரின் ஆக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டிய அலைவரிசை என்ற வகையில் தொலைக்காட்சி வரலாற்றில் பிபிசி ஃபோருக்கு இடம் உண்டு.