புயலுக்குப் பின்: ஒரே கேள்வி, இரண்டு பதில்கள்

‘ஆஃப்டர் த ஸ்டார்ம்’ (புயலுக்குப் பின்) 2016இல் வெளிவந்த ஜப்பானியத் திரைப்படம். எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் செய்தவர் ஹிரோகசு கொரே-எடா. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் ‘அன் செர்டெய்ன் ரிகார்ட்’ பிரிவில் திரையிடப்பட்டது. டோக்கியோவின் கியோசே பகுதியில், இயக்குநர் இளமையில் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே படமாக்கப்பட்டது.

ரியோட்டா (ஹிரோஷி அபே) ஒரு நாவல் எழுதிப் பரிசு வாங்கியவன். அது பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அடுத்த நாவலுக்குச் செய்தி திரட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கையில் வரும் பணம் சைக்கிள் பந்தயச் சூதில் கரைகிறது. மணமுறிவு பெற்ற மனைவி கியோகோவிடம் (யோகோ மகி) மகன் ஷிங்கோ வளர்கிறான். மாதம் ஒருமுறைதான் சந்திப்பு. பராமரிப்புத் தொகையோ பாக்கி. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி மணமுறிவுக்குப்பின் பெற்றோரில் ஒருவருக்கே பிள்ளை மீது சட்ட உரிமை. இருவருக்கும் உரிமை தர வழிசெய்யும் திருத்தம் 2024இல்தான் நிறைவேறியது. இதை அறிந்து பார்த்தால் ரியோட்டாவின் பதற்றம் இன்னும் நன்றாக விளங்கும்.

அவன் நல்லவன் என்று படம் சாதிக்கவில்லை. மகனுக்குப் பேஸ்பால் காலணி வாங்கும்போது, கடைக்காரர் பாராத நேரத்தில் அதில் கீறல் உண்டாக்கி விலையைக் குறைக்கச் சொல்கிறான். இறந்துபோன தந்தையின் பொருள்களில் அடகுக்கு ஏதாவது தேறுமா என்று தாய்வீட்டு அலமாரியைத் துழாவுகிறான். அந்தத் தந்தையும் சூதாடியே. அவரைப்போல் ஆகக்கூடாது என்று வளர்ந்தவன், அவரைப்போலவே ஆகியிருக்கிறான்.

ஒரு காட்சியில் ரியோட்டா பள்ளி மாணவன் ஒருவனின் இரகசியத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கிறான். உன்னைப்போல் பெரியவனாக மாட்டேன் என்கிறான் அந்தப் பையன். நினைத்தபடி ஆகிவிடுவது அவ்வளவு எளிதென்று எண்ணாதே என்று ரியோட்டா சீறுகிறான். வகுப்பறையிலேயே காலம் கழித்த எனக்கு இக்காட்சி உறுத்தியது. படம் இதை விரைவாகக் கடந்துவிடுகிறது.

ஆனால் அதே கேள்வி திரும்பி வருகிறது. புயலால் நால்வரும் பாட்டி வீட்டில் தங்க நேர்ந்த இரவில், தந்தையும் மகனும் பூங்காவிலுள்ள ஆக்டோபஸ் வடிவச் சறுக்குமரத்தின் உள்ளே ஒதுங்கி நொறுக்குத்தீனி தின்கிறார்கள். ரியோட்டா சிறுவனாகத் தன் தந்தையோடு ஒதுங்கிய அதே இடம். அப்பா, நீங்கள் ஆக நினைத்தபடி ஆனீர்களா என்று ஷிங்கோ கேட்கிறான். இம்முறை சீற்றம் இல்லை. இன்னும் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். என் கணிப்பில் படத்தின் மையம் இதுதான். அந்நியப் பிள்ளையிடம் சொல்ல முடியாமல் கோபமாக வெடித்த உண்மை, சொந்தப் பிள்ளையிடம் அமைதியாக வெளிவருகிறது.

தாய் யோஷிகோவாகக் கிரின் கிகி. குவளையில் உறையவைத்த பானம் கல்லாக இறுகிவிட, அதைக் கரண்டியால் சுரண்டியபடி பேசும் அவருடைய கேலியில் துயரமும் கலந்திருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரமான அபே அந்தச் சிறிய வீட்டில் கூனிக்குறுகி நடமாடுவதே பாதி நடிப்பு.

குறையும் உண்டு. கியோகோவைப் பெரும்பாலும் ரியோட்டாவின் பார்வை வழியாகவே காண்கிறோம். ஒளிந்து நின்று வேவு பார்க்கும் கணவன் அவளுக்கு எத்தகைய சுமை என்பதை அவளே சொல்ல இன்னும் இடம் தந்திருக்கலாம். ஆயினும் அவள் முடிவை மாற்றிக்கொள்வதில்லை. நம் படங்களாக இருந்தால் புயல் இரவு கணவன் மனைவியைச் சேர்த்து வைத்திருக்கும்! இங்கே லாட்டரிச் சீட்டுகள் காற்றில் பறக்க, மூவரும் மழையில் நனைந்து பொறுக்குகிறார்கள்; விடிந்ததும் அவரவர் வழி.

மறுநாள் தந்தையின் மைக்கல்லை ரியோட்டா அடகுக்கடைக்கு எடுத்துச் செல்கிறான். நல்ல விலை போகும் பொருள். கடைக்காரர் அவனுடைய நாவலின் முதற்பதிப்பு ஒன்றை எடுத்து வந்து கையொப்பம் கேட்கிறார். மகன் எழுதிய நூல் என்று அந்தத் தந்தை பெருமையோடு கொடுத்துவிட்டுப் போனதாம். தந்தைக்குத் தன்மீது மதிப்பில்லை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்த மகன், அந்தக் கல்லிலேயே நீர் விட்டு மெதுவாக மை இழைக்கிறான்.