துணியில் சாகும் வைரஸ் உடம்பில் சாகுமா?

2020-ல் திருப்பூரில் பனியன் தைத்த மெஷின்கள் மாஸ்க்குக்கு மாறினபோது, "ஆன்டிவைரல் ஃபினிஷ்" என்ற பேச்சும் கூடவே வந்தது. நானோ வெள்ளி பூசிய துணி, 99.9 சதவீதம் வைரஸ் காலி என்றார்கள். இந்த எண் பொய் இல்லைங்க. ஆனால் அது எதை அளந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

துணிக்கான வைரஸ் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 18184 என்று ஒரு தர முறை உண்டு. துணித் துண்டில் வைரஸ் கரைசலை விட்டு, வழக்கமாக 2 மணி நேரம் வைத்து, மிச்சம் எவ்வளவு என்று எண்ணுவார்கள். அவ்வளவுதான். இருமலில் பறக்கும் துளி அந்தத் துணிமேல் 2 மணி நேரம் காத்திருக்காது. உடம்புக்குள் போன வைரஸோ நம் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. சட்டையில் இருக்கும் வெள்ளிக்கு அங்கே என்ன வேலை?

உடம்புக்குள் வைரஸைத் தடுக்கிற ஆராய்ச்சி வேறு பாதையில் போகிறது. பக்கத்துக் கேரளாவிலேயே உதாரணம் இருக்கு. 2017-ல் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஒரு தவளையின் தோலில் 'உருமின்' என்ற பெப்டைடைக் கண்டுபிடித்தன. பெப்டைட் என்பது குட்டிப் புரதத் துண்டு. இதில் 27 அமினோ அமிலங்கள். பெயர் உருமி என்ற சுருள்வாளிலிருந்து வந்தது. எச்1 வகை ஃப்ளூ வைரஸின் மேற்புரதத்தைப் பிடித்து அதை அழிக்கிறது, எலிகளையும் காப்பாற்றியது. ஆனால் எச்3 வகையிடம் பலிக்கவில்லை.

பெப்டைடுக்கு இன்னொரு சிக்கல், நம் உடம்பின் நொதிகள் அதைச் சீக்கிரம் வெட்டிவிடும். 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எச்.ஐ.வி. பெப்டைட் மருந்தான என்ஃபுவிர்டைடை தினம் 2 ஊசியாகப் போட வேண்டியிருந்தது. நானோவுக்கு உண்மையான வேலை இங்கேதான். மருந்தைப் பொதிந்து, சிதையாமல் செல்வரை கொண்டுபோகணும். கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் கொழுப்பு நானோ துகள்கள் செய்தது அந்த வேலையைத்தான். பெப்டைடுக்கும் அப்படி ஒரு வண்டி வேணும்.

ஆக, துணியில் இருக்கும் நானோவும் மருந்தில் இருக்கும் நானோவும் பெயரில் மட்டும்தான் ஒன்று. அடுத்த தொற்று வரும்போது இந்த விளம்பரங்களும் திரும்ப வரும். அப்போ மூணு கேள்வி கேளுங்க: எந்த வைரஸில் சோதித்தீங்க? துணியிலா, எலியிலா, மனுசனிலா? எத்தனை தடவை துவைத்த பிறகு? பதில் இல்லாட்டி அந்தச் சட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. அதைப் போட்டிருக்கோம் என்ற தைரியத்தில் காய்ச்சலோடு ஷிஃப்டுக்கும் போயிடாதீங்க.