கருக்கின் இரு விளிம்பு

கீழக்குயில்குடிச் சமணர் மலையடிவாரத்தில், தாமரைக் குளத்தங்கரையில் நாம் மாதம் ஒருமுறை கூடிக் கதை வாசிப்பதுண்டு. சென்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர் தம் மனக்குறையை முன்வைத்தார். இதழொன்று அவரது சிறுகதையைத் திருப்பி அனுப்பிவிட்டது, அதுகூடப் பெரிதில்லை. கைப்பிரதியைப் படித்த சித்தப்பா அதில் தம்மையே கண்டுகொண்டு, பேச்சை நிறுத்திவிட்டாராம். இனி எழுதலாமா என்று கேட்டார்.

விடை சொல்லத் தெரியாத நாம், பாமாவின் 'கருக்கு' நூலை எடுத்துக்கொண்டோம். மதுரையிலிருந்து சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் 1992இல் வெளியிட்ட நூல். துறவற வாழ்வை விட்டு வெளியேறிய பெண் எழுதியது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கையே அதற்குப் பெயராக வைத்தார். பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டதால், இதுவும் இலக்கியமா என முகஞ்சுளித்தோர் உண்டு. அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் சொந்த ஊராரே சினங்கொண்டனர். ஏழு மாத காலம் அவரால் ஊருக்குள் செல்ல இயலவில்லை. யாருக்காக எழுதினாரோ அவர்களே கதவடைத்தனர். இதழாசிரியர் திருப்பியனுப்பும் உறை இதற்குமுன் எம்மாத்திரம்!

ஊரார் சினத்தையும் நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. தம் வறுமையும் சண்டையும் அவமானமும் அச்சேறியபோது, யாரைக் கேட்டு எழுதினாய் என வினவ அவர்களுக்கு உரிமையுண்டு. நூலிலேயே இதற்கு விடை இருக்கிறதா? வடைப் பொட்டலக் காட்சியைப் பாருங்கள். தெருப் பெரியவர் ஒருவர், நிலக்கிழாருக்கு வாங்கிய பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய சரடை மட்டும் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். சிறுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் காரணத்தை விளக்கியதும் சிரிப்பு நின்றுபோகிறது. ஆசிரியர் பெரியவரைக் கேலிக்கு உள்ளாக்கவில்லை. தம் சிரிப்பையே கூண்டில் நிறுத்துகிறார். பிறரை எழுதத் துணிவதற்கு இதுவே ஈடு என்று நமக்குப் படுகிறது.

மடத்து வாழ்வைப் பேசும் பகுதிகளில் இந்தக் கண் மங்குகிறது; காட்சி குறைந்து குற்றச்சாட்டே மிகுகிறது. ஆயினும், கத்தோலிக்க வாசகராகிய நமக்கு அப்பகுதிகள் உறுத்துவது கலைக்குறையால் மட்டுந்தானா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊரார் பின்னர் அவரை ஏற்றனர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கிராஸ்வேர்ட் விருதும் கிடைத்தது. மறுப்பு அத்துடன் ஓயவில்லை. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அதற்குள் அவர் 'சங்கதி' (1994), 'வன்மம்' (2002) எனத் தொடர்ந்து எழுதியிருந்தார்.

இளைஞர் தம் கதையை மீண்டும் வாசித்தார். சித்தப்பா குடித்துத் தள்ளாடும் இடத்தில், பார்த்துக்கொண்டு நின்ற சிறுவன் என்ன செய்தான் என்று ஒருவர் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் தனியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.