செகண்ட் ஹேண்ட் பில்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கழுவுவது?

மீன் தொட்டிக்குப் பழைய கேனிஸ்டர் பில்டரை வாங்கும் எல்லோரும் முதலில் கேட்பது, மோட்டார் ஓடுகிறதா என்பதைத்தான். எனக்கு முக்கியம், அதை முழுதாகப் பிரித்துக் கழுவ முடியுமா என்பது. முந்தைய தொட்டியின் நோய்க்கிருமி எந்த இடுக்கிலும் ஒளிந்திருக்கக் கூடாது.

அந்த வகையில் ஈஹைம் கிளாசிக் 2213-க்கு என் ஓட்டு. 8 வாட் மோட்டார், மணிக்கு 440 லிட்டர் ஓட்டம், 250 லிட்டர் தொட்டி வரை போதும். ஓர் உருளை டப்பா, மேலே மோட்டார் தலை, நடுவே ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். இம்பெல்லரையும் அதன் பீங்கான் தண்டையும் கையாலேயே உருவிவிடலாம். தண்டை நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் சட்டென்று ஒடியும்.

மைசூரில் காவிரி, கபினித் தண்ணீர் வரும் வீடுகளை விட, போர்வெல்லை நம்பியிருக்கும் வீடுகளின் பில்டரில்தான் வெள்ளை உப்புக்கறை அதிகம். முதலில் அதைப் போக்க வேண்டும், ஏனென்றால் கிருமிகளுக்கு அந்தக் கறையே கவசம். வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கரைந்துவிடும். பிறகு நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். வினிகரும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது ஆளையே சாய்க்கும்.

அடுத்தது பிளீச். வாசனையோ சோப்போ சேராத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு. கால் மணி நேரம் ஊறினால் போதும். அலசிய பின், மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஸ்பாஞ்ச், டியூப் இரண்டையும் தூக்கி எறிந்துவிடுங்கள். அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். முந்தைய தொட்டியில் மீன்கள் புண் வந்து, மெலிந்து செத்திருந்தால் பில்டரையே வாங்க வேண்டாம். அதற்குக் காரணம் மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். அது குளோரினுக்கு எளிதில் சாகாது, கையில் காயம் இருந்தால் மனிதரையும் தொற்றும்.

இந்த மாடலில் என்னை உறுத்துவது ஒன்றுதான்: தண்ணீரை இழுத்துவிட பட்டன் கிடையாது. பலர் டியூபில் வாய் வைத்து உறிஞ்சுகிறார்கள். பழைய பில்டரில் அதைச் செய்யவே கூடாது. டியூபைத் தண்ணீரால் நிரப்பித் தொடங்குங்கள். புது ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒருநாள் பக்கெட் தண்ணீரில் ஓட்டிக் கசிவு பார்த்த பிறகே தொட்டியில் மாட்டலாம்.

இப்படிக் கழுவிய பில்டரில் நல்ல பாக்டீரியாவும் மிஞ்சாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் கூட்டம் மறுபடி உருவாகப் பல வாரம் ஆகும். அதுவரை மீன்களைக் கொஞ்சமாகவே விடுங்கள், தீனியும் குறைவாகப் போடுங்கள்.

உங்கள் வீட்டிலேயே, நோயில்லாத ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால் இத்தனையும் தலைகீழ். பிளீச் வேண்டாம், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் வேண்டாம். பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்து, பில்டருக்குள் பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையங்களை ஈரம் காயாமல் அன்றைக்கே மாற்றுங்கள். ஓட்டம் நின்ற டப்பாவை மூடியே வைத்தால், சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். தாமதமாகும் என்றால் வளையங்களைப் பக்கெட்டில் கொட்டி, ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள்.