பிடித்த பாட்டும் அதன் பின்னால் உள்ள நினைவும்

‘எனக்குப் பிடித்த பாட்டு’ என்று எழுதச் சொன்னால் நம்மவர்கள் பெரும்பாலும் பாட்டைப் பற்றி எழுதுவதில்லை. வாப்பா வாங்கிவந்த ரேடியோவைப் பற்றி எழுதுவார்கள். கலியாண வீட்டு ஒலிபெருக்கி, தேய்ந்துபோன கெசட், நோன்பு காலத்து ஸஹர் நேரம், வானொலி முஸ்லிம் சேவை எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் ‘அந்தக் காலம் இனி வருமா?’ என்று ஒரு பெருமூச்சு. பாட்டு எங்கே என்று தேடினால், முதல் பந்தியில் பேரளவில் நின்றுபோயிருக்கும். இத்தகைய கட்டுரைகளை நானும் விரும்பித்தான் வாசிக்கிறேன். ஆனால் இத்தனை பேருடைய நினைவையும் சுமக்கும்படி அந்தப் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவை கேட்பதில்லை.

நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) பாடிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். நமது ஊர்களில் பிடித்த பாட்டு எதுவென்று பத்துப் பேரிடம் கேட்டால், அதில் சிலராவது இதைச் சொல்வார்கள். எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், மௌனம்தான் பதில். எழுதியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம். சீறாப்புராணம் என்றதும் உமறுப் புலவர் என்று சொல்லத் தெரிந்த சமூகம், தினமும் வாயில் முணுமுணுக்கிற பாட்டின் ஆசிரியரைத் தெரியாமல் இருக்கிறது. ஹனிபாவின் குரல் அவ்வளவு பெரியது என்பது உண்மை. அதற்காகச் சொல்லைத் தந்தவரை மறந்துவிடுவது நியாயமாகாது.

இனிச் சொல்லுக்கு வருவோம். நமது தமிழ் இலக்கிய மரபில் முனாஜாத்து என்றொரு வகை உண்டு. அடியான் அல்லாஹ்வை முன்னிலைப்படுத்தி, தன் குறையைத் தானே சொல்லி இறைஞ்சுவது அது. அங்கே ‘நான்’ இல்லாமல் பாட்டு இல்லை. இந்தப் பாட்டும் துஆவைப் பற்றியதுதான். ஆனால் இது முனாஜாத்து அல்ல. பாடுபவர் இறைவனோடு பேசவில்லை, நம்மோடு பேசுகிறார். தனக்காக எதையும் கேட்கவில்லை. நம்மைக் கேட்கச் சொல்கிறார். தலைப்பிலேயே அது தெரிகிறது. ‘கையேந்துங்கள்’ என்பது ஏவல் பன்மை. மரியாதையும் அதில் உண்டு, கூட்டமும் உண்டு. இறைவனைப் பற்றிய செய்திகளோ பெரும்பாலும் ‘-பவன்’, ‘-கின்றவன்’ என்று முடியும் வினையாலணையும் பெயர்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவன் யார் என்று வாதிக்காமல் அவன் என்ன செய்பவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறது பாட்டு.

கேட்கச் சொல்கிற பாட்டு, என்ன கேட்பது என்பதைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மகளுக்குக் கலியாணம் சரிவரவில்லை என்றாலும், வெளிநாடு போனவரிடமிருந்து கடிதம் வரவில்லை என்றாலும், அவரவர் குறை அந்த வெற்றிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நினைவு ஒட்டிக்கொள்வதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது தற்செயலாக வந்ததல்ல. பாட்டின் அமைப்பு தந்த இடம்.

‘இறைவன்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘அல்லாஹ்’ என்ற பேர் பாட்டின் உள்ளே வருகிறது. வாசலில் நிற்பதோ எல்லாத் தமிழருக்கும் பொதுவான சொல். மதீனாவையோ நாகூரையோ தெரிந்தால்தான் உருக முடியும் என்ற நிபந்தனை இதில் இல்லை.

இதனால்தான் மற்ற வீடுகளிலும் இந்தப் பாட்டுக்கு நினைவுகள் இருக்கின்றன. என்னோடு படிப்பித்த மட்டக்களப்புத் தமிழ் ஆசிரியை ஒருவர், தனக்குப் பிடித்த பாட்டு இதுதான் என்று ஒருநாள் சொன்னார். “எங்கட பக்கத்து வளவில கலியாணமெண்டா இந்தப் பாட்டுத்தான் டீச்சர் முதல்ல போடுவாங்க. அம்மா வேலிக்கிட்ட நிண்டு முழுசாக் கேட்டுட்டுத்தான் உள்ள வருவா.” இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நமது வழக்கமான கட்டுரை ஒன்றுக்குப் போதும், ‘எவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்தோம்’ என்று முடித்துவிடலாம். அவர் நிறுத்தவில்லை. 1990 இல் அந்த வளவுக்காரர்கள் இரவோடு இரவாக எழும்பிப் போனதைச் சொன்னார். அதே ஆண்டில் தன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வராததையும் சொன்னார். எங்கள் வீட்டுக் கதையும் அந்த ஆண்டில்தான் உடைகிறது. மாமா மௌத்தான பிறகு, ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் உம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். நிறுத்தவும் விடமாட்டார், இருந்து கேட்கவும் மாட்டார்.

ஒரே பாட்டு, வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நினைவுகள். அந்த ஏவல் பன்மைக்குள் இரண்டு வீடுகளும் அடங்கியிருந்தன. வெளியே, அந்த ஆண்டில், அப்படி ஒரு பன்மை இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் ஒலிபெருக்கியின் இனிமையை மட்டும் எழுதுகிற கட்டுரை, பாட்டையும் பாதியாக்குகிறது, காலத்தையும் பாதியாக்குகிறது. ‘அந்தக் காலம்’ என்று எழுதுபவர் எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டும். அந்தக் கலியாண வீட்டில் இருந்தவர்களில் இன்று யார் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

நினைவை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் அலசுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் செய்தால் அது பரீட்சை விடைத்தாளாகிவிடும். உம்மா ஏன் எழும்பிப் போனார் என்பதை இந்தப் பாட்டின் சொற்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளக்க முடிகிறது. கேளுங்கள், அவன் மறுக்கமாட்டான் என்று சொல்கிற பாட்டின் முன்னால், கேட்டும் மாமா திரும்பி வராத ஒருவர் இருக்கிறார். அவரால் அதை மறுக்கவும் முடியாது, ஈமான் விடாது. உட்கார்ந்து கேட்கவும் முடியாது. நினைவும் பாட்டும் ஒன்றையொன்று விளக்குகிற இப்படியான இடங்களை எழுதினால்தான், பிடித்த பாட்டு என்ற தலைப்பில் வருகிற கட்டுரைகள் நமது இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் உதவும்.